மூன்று ரீடிங், ஒரு ஸ்க்ரூ

மூன்றாவது தடவையும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது. பாக்கியநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்த தாளின் மூன்றாவது கட்டத்தில் 1187 என்று எழுதினார். முதல் கட்டத்தில் 1192. இரண்டாவதில் 1179. தாளின் தலையில் தேதி, நேரம், 'சாம்பிள் ஏ, ஷைனி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் 'சாம்பிள் பி, பூமிகா'. அதற்குக் கீழே ஒரே ஒரு எண், 3480. பொன்னேரியில் இருக்கும் அவர் தங்கை மகள் பூமிகா தன் லாப்டாப்பில் அதே ஆப்பை ஓட்டி, திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். லாப்டாப்பின் வயிற்றுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி, சேர்த்து வைத்ததை ஒரு நொடியில் எத்தனை எம்பி எடுத்துக் கொடுக்கிறது என்று அளந்து சொல்கிற ஆப். இரண்டு லாப்டாப்பும் பொங்கல் ஆஃபரில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பில்லில் வாங்கியவை. ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் எடை. ஷைனி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கும்போது சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோலத்தான் இருக்கும்.

"ஆவரேஜ் ஆயிரத்து நூத்தி எம்பத்தாறு," என்றார் பாக்கியநாதன். "அங்க மூவாயிரத்து நானூத்தி எம்பது. மூணுல ஒரு பங்குதான்."

"நான்தான் சொல்லிக்கினே கீறனேப்பா, ஸ்லோவா கீதுன்னு," என்றாள் மகள் ஷைனி. "பூமிகாவுது டக்குனு தொறக்குது. என்னுது மாவு ஆட்டற மாதிரி சுத்திக்கினே கீது."

"இரு. ஒரே ஹீட்டுல வந்த ரெண்டு துண்டு கம்பி. ஒன்னு இங்க அறுவுது, ஒன்னு அங்க அறுவுது. அதுக்கு இன்னா அர்த்தம்?"

"இன்னா அர்த்தம்?"

"ஒன்னு அந்த ஹீட்டே இல்லன்னு அர்த்தம். நடுவுல எவனோ துண்ட மாத்தியிருக்கான்."

அவர் வேலை பார்ப்பது கம்பி உருட்டும் ஆலையில், தரம் பார்க்கிற க்யூசி பிரிவில். ஒவ்வொரு தடவை உலையில் உருக்கி ஊற்றுகிற இரும்புக்கும் ஒரு நம்பர் உண்டு, அதைத்தான் ஹீட் என்பார்கள். அந்த ஹீட்டில் இருந்து ஒரு துண்டு வெட்டி மெஷினில் மாட்டி இழுத்து, எந்த அளவில் அறுகிறது என்று மூன்று தடவை பார்த்து எழுதுவது அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு. ஒருமுறை நல்ல கம்பியில் வெட்டிய துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மட்டக் கம்பியை லாரியில் ஏற்றப் பார்த்த ஒரு கான்ட்ராக்டரை அவர்தான் பிடித்தார். அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் எந்தக் கல்யாணப் பந்தியிலும் சாப்பிட்டு எழுந்ததில்லை.

அவர் மனைவி ஹெலன் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சட்டியைக் கிளறுகிற சத்தத்தை அதிகமாக்கினாள்.

"கடைலேர்ந்து வந்ததுலேர்ந்து இத யார் கழட்டினா?" என்றார் பாக்கியநாதன், அடுப்படிப் பக்கம் திரும்பாமல்.

"இன்னாத்துக்கு சுத்தி வளைச்சிக்கினு? பேரச் சொல்லுங்க," என்றாள் ஹெலன்.

"நான் பேரு சொல்லல. கேக்கறேன்."

"என் தம்பிதான் கழட்டினான். ஃபேன்ல இரும்புத் தூசி அடைச்சிக்கினு ஹோன்னு கத்துதுன்னு நீங்கதான் குடுத்து அனுப்பினீங்க. ஒரு நாள் வெச்சிருந்து தூசி தட்டிக் குடுத்தான். டப்புகூட வாங்கல."

"அதான் நானும் கேக்கறேன். ஏன் வாங்கல?"

ஷைனி சிரித்துவிட்டாள். அப்பா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பாக்கியநாதன் லாப்டாப்பைக் குழந்தையைக் குப்புறப் போடுவதுபோல மெதுவாகக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் எட்டு ஸ்க்ரூ. ஏழு கறுப்பு. ஒன்று மட்டும் வெள்ளையாய், புதிதாய்ப் பல் கட்டினவன் சிரிப்பதுபோல மினுங்கியது.

"இது கம்பெனி போட்ட ஸ்க்ரூவா?"

"ஸ்க்ரூ மாறினா உள்ள கீற எல்லாமே மாறிடுச்சா?"

"நான் ஒன்னும் சொல்லலையே. பாரு, அவ்ளதான்."

"ப்பா, உள்ள கீற எஸ்எஸ்டி பேரு ஸ்க்ரீன்ல வருது. பூமிகாவுக்கும் அதே பேருதான்," என்றாள் ஷைனி.

"பேரா? எங்க லேபுக்கு வா. நம்ம கம்பெனி பேரையே ரோல் பண்ணி, மட்டக் கம்பில எழுத்து எழுத்தா ஏத்தி விக்கறானுங்க. கம்பில பேர் ஏத்தறவன் இத்தனூண்டு பச்சை அட்டைல ஏத்த மாட்டானா?" பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டால் அது நிரூபணமாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்கிற ஆள் அவர். அன்று மாலை வேலையைத் தொடங்கும் முன் கையைக் கழுவி, மேஜையைத் துடைத்து, வழக்கம்போல சார்ஜரை உருவி வயரைச் சுற்றி ஜன்னல் மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். சிப்காட் தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய அந்தத் தெருவில் பல வீடுகளில் அந்தப் பழக்கம் உண்டு. உலையை மூட்டுகிற நேரமெல்லாம் ட்யூப்லைட் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடும். அப்படி ஒரு மூச்சில் அவர்கள் வீட்டு டிவி போனது, இன்னொன்றில் மிக்ஸி போனது. அதிலிருந்து 'ஏத்து, கழட்டு, அப்புறம் தொடு' என்று வீட்டில் ஒரு சட்டம்.

விஷயம் லாப்டாப் மட்டும் என்றால் ஹெலன் கவலைப்பட்டிருக்க மாட்டாள். பாக்கியநாதனின் ஆலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர், லாப்டாப் எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்குப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ஹெலனின் தம்பி பென்னியின் பெயரைச் சொன்னதே இவர்தான். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "உங்க மச்சான்னா நீங்கதான் பொறுப்பு, நாளைக்கு பதினோரு மணிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆர்டர் போட்டுடலாம்," என்று விட்டுவிட்டார். அந்த நாளை என்பது விடிந்தால் வெள்ளிக்கிழமை. பொன்னேரியில் பென்னியின் கடைக்கு இப்போதெல்லாம் போன் கண்ணாடி மாற்றக்கூட ஆள் வருவது குறைந்துவிட்டது. இந்த ஆர்டர் வந்தால் கடை இருக்கும். வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, மாமனார் வழியில் யாரோ சொல்லி வைத்திருக்கிற மாதவரம் குடோனுக்கு மூட்டை எண்ணப் போவான். அவன் பெண்டாட்டி ஜெபா இரண்டு ஞாயிறாய் ஜெபக்கூட்டத்தில் இதற்காகவே கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கு இன்னா சொல்லப் போறீங்க?" என்று ஹெலன் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கீறதச் சொல்லுவேன்."

"இன்னா கீது?"

"கம்பெனில இருபது லாப்டாப் கீது ஹெலன். எல்லாம் இது மாதிரி இத்தனூண்டு மெல்லிசு. நாளைக்கு அதுல ஒன்னு ஸ்லோ ஆச்சுன்னா என் பேரு இன்னா ஆவும்? சாம்பிள் மாத்தறவன பிடிச்ச ஆளு, தன் மச்சானயே உள்ள உட்டான்னு சொல்ல மாட்டானா?"

"அவன் திருடன்னு ஆயிடுச்சா அப்ப?" கோபம் வந்தால் ஹெலனுக்கு மரியாதை வழுக்கிவிடும். "ஒரு தாளு, மூணு நம்பரு. அத வெச்சிக்கினு என் தம்பிய திருடன்னுவ நீ?"

"நான் சொல்லல. ரீடிங் சொல்லுது," என்று அவர் அமைதியாகக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

அவளுடைய கோபத்தில் பாதி பயம். அது அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றால் வந்த பயம். பென்னிக்குப் பதினாறு வயசில் சர்ச் மைக்செட் பழுதாகி, 'நம்ம பையன்தானே' என்று அவனிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு நாளில் சரிசெய்து கொண்டுவந்தான். பாஸ்டர் ஜெபிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு வண்டு போல ரீங்காரம் கேட்கும். சபையில் சிலர் அதை ஆவியானவரின் அசைவு என்றுகூடச் சொன்னார்கள். மைக்செட்டில் இருந்த நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் தன் வீட்டு ரேடியோவுக்குள் ஓடிக்கொண்டிருப்பதை ஹெலன் ஒருத்திதான் பார்த்தாள். "அக்கா, யாராண்டயும் சொல்லாத, அடுத்த மாசம் வேற வாங்கி வெச்சிடறேன்," என்றான். வாங்கி வைத்தானா, இல்லையா? அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. கேட்கவில்லை. இருபது வருஷமாய்க் கேட்காத அந்தக் கேள்வி இப்போது வெள்ளை ஸ்க்ரூவாய் எதிரே வந்து நின்றது. கல்யாணம், பிள்ளை, ஞானஸ்நானம் எல்லாம் ஆன மனுஷன் அப்படிச் செய்வானா என்று ஒரு மனசு. செய்யத் தெரிந்த கைதானே என்று இன்னொரு மனசு.

கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் துணி எடுக்கப் போகிறவள்போலப் போய் பென்னிக்குப் போன் போட்டாள்.

"இன்னாக்கா, சாப்டாச்சா?"

"ஆச்சு. சும்மாதான்டா. ஷைனி லாப்டாப் கழட்டினியே, எல்லாம் நல்லாத்தான கீது உள்ள?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "ஏன்? இன்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. ஒரு ஸ்க்ரூ மட்டும் வெள்ளையா கீதே."

"அதுவா. கீழ உயுந்து எங்கயோ உருண்டு போச்சுக்கா. தேடித் தேடி கண்ணு பூத்துப் போச்சு. கடைல கீறத போட்டு உட்டேன். யார் பாத்தா? மாமாவா?"

"நான்தான் பாத்தேன்."

"நீ எதுக்குக்கா லாப்டாப்ப கவுத்துப் போட்டு பாக்கற?"

"தொடைக்கும்போது," என்றாள்.

"சரி. எதுனா பேஜாரு பண்ணுச்சுன்னா வேற யார்கிட்டயும் குடுக்காத. அவனுங்க ஒன்னு கெடக்க ஒன்னு சொல்லுவானுங்க. என்கிட்டயே எடுத்தா." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி, "மாமா நாளைக்கு பேசிடுவாருல்ல? பதினோரு மணின்னு சொன்னாரு," என்றான்.

"பேசுவாருடா," என்று வைத்துவிட்டாள். வேற யார்கிட்டயும் குடுக்காத. நல்லதுக்குச் சொன்னாலும் அதே வார்த்தைதான். கெட்டதை மறைக்கச் சொன்னாலும் அதே வார்த்தைதான். கொடியில் காய்ந்த துணியைத் தொட்டபோது விரலில் அரக்கு நிறத்தில் தூசி ஒட்டியது. அதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

விடிந்ததும் பாக்கியநாதன் நாஷ்டா முடித்து ஷிப்டுக்குப் போனார். சட்டைப்பையில் மடித்த தாள் வெளியே தெரிந்தது. ஷைனி அதற்கு முன்பே காலேஜுக்கு ரயிலேறியிருந்தாள். ஹெலன் தான் வேலை பார்க்கிற பேக்கிங் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லாப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு நடந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சாம்பிள் ஏ-யையும் சாம்பிள் பி-யையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். படம் பிடித்து அனுப்பியதை நம்புவதற்கில்லை. ஷைனியும் பூமிகாவும் சின்ன வயசிலிருந்தே ஒருத்தியை ஒருத்தி மட்டம் தட்டுகிறவர்கள். பூமிகா வேறு எதையோ படம் பிடித்து அனுப்பியிருக்கலாம். மின்சார யூனிட் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் அணைத்துக்கொண்டாள். கவரைப்பேட்டையில் ஏறி எதிரே உட்கார்ந்த ஆள், "லாப்டாப்பாம்மா? வெயிட்டே இல்லாத மாடலா?" என்று பேச்சுக்குக் கேட்டான். அவள் பையின் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வயலைப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி, இன்னா திடீர்னு?" என்று சோனியா கதவைத் திறந்தாள். பாக்கியநாதனின் தங்கை. பூமிகாவுக்குப் பரீட்சை லீவு, ஹாலில் தரையில் புத்தகத்தைப் பரப்பி, சுவரோர மேஜையில் லாப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஹெலன் தண்ணீர் குடிக்கும் முன்பே பையைத் திறந்ததைப் பார்த்ததும் சோனியாவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க அண்ணன் லேப ஊட்டுக்கே கொண்ணாந்துட்டாரா? என் கல்யாணத்தன்னிக்கி சாம்பார் வாளிக்கு எத்தன கரண்டின்னு எண்ணிக்கினு நின்ன ஆளாச்சே."

"சிரிக்காத சோனியா. பூமிகா, அந்த ஆப்ப என் கண்ணெதிர்ல ஓட்டு. ரெண்டுலயும்."

பூமிகா முதலில் தன்னுடையதில் ஓட்டினாள். திரையில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாய் நிறைந்தன. 3466. நேற்று அனுப்பியது பொய்யில்லை. பிறகு ஷைனியுடையதைத் திறந்து ஓட்டினாள். ஹெலன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 1181. நான்கு மைல் தள்ளி எடுத்தால் என்ன, நாற்பது மைல் தள்ளி எடுத்தால் என்ன. ரீடிங் சொல்லுது. ரேடியோவுக்குள் ஓடிய ட்ரான்ஸ்ஃபார்மர் ஞாபகம் வந்தது.

"பென்னி நல்ல ஆளுதான் அண்ணி," என்றாள் சோனியா மெதுவாக. "போன மாசம்கூட இந்தப் பக்கம் வந்தப்ப இவளுதுல ஆன்டிவைரஸ் ஏத்திக் குடுத்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போனான். அவனப் போயி..." முடிக்காமல் அவளும் திரையையே பார்த்தாள். அந்தப் பார்வையிலும் ஏதோ ஒன்று மாறியிருப்பதுபோல ஹெலனுக்குத் தோன்றியது. சோனியா தன் மகள் லாப்டாப்பின் அடிப்பக்கத்தை லேசாகத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். "இதுல எல்லாம் கறுப்புதான்," என்று சொல்லி வைத்தாள்.

"இன்னொரு வாட்டி ஓட்டு," என்றாள் ஹெலன். மூன்று தடவை பார்க்காமல் அவள் புருஷன் எதையும் எழுத மாட்டார்.

"உங்களுதுல சார்ஜ் கம்மியா கீது அத்தை. சார்ஜர் எடுங்க." சுவரில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். பூமிகா தன்னுடையதை உருவிவிட்டு ஷைனியுடையதைச் செருகினாள். ஹெலன், "கரென்ட் ஓடும்போது தொடாத, போயிடும்," என்று தன்னையறியாமல் கையை நீட்டித் தடுத்தாள். "எது போயிடும்? இங்கல்லாம் அந்த மாதிரி ஆவாது அத்தை," என்று பூமிகா பட்டனை அழுத்தினாள்.

பச்சைக் கட்டம் ஓடியது. 3471.

ஹெலன் எண்ணை வாய்விட்டு, எழுத்துக்கூட்டுகிறவள்போலப் படித்தாள். "தப்பா வந்திருக்கும்," என்றாள். அவளே அதைச் சொன்னதுதான் அவளுக்கு ஆச்சரியம். "இப்ப உன்னுத ஓட்டு."

ப்ளக் இல்லாமல் இருந்த பூமிகாவின் லாப்டாப்பில் ஓட்டினாள். 1194.

"அய்ய, என்னுது இன்னாச்சு?" என்று பூமிகா பதறினாள்.

"மாத்திச் சொருவு," என்றாள் ஹெலன். மாற்றினார்கள். எண்ணும் மாறியது. மறுபடி மாற்றினார்கள். மறுபடியும். சோனியா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எந்த லாப்டாப்புக்குச் சார்ஜர் போகிறதோ அது ஓடியது. எதிலிருந்து உருவினார்களோ அது நடந்தது. பூமிகா போனில் எதையோ தேடி, "பேட்டரில ஓடும்போது சார்ஜ் மிச்சம் பண்ண அதுவே ஸ்பீட குறைச்சிக்குமாம் அத்தை. இந்த மாதிரி மெல்லிசு லாப்டாப்புல நெறைய அப்படித்தானாம். கம்பெனி போட்டிருக்கறதே மூவாயிரத்து ஐந்நூறுதான். ரெண்டும் ஒரிஜினல்தான்," என்றாள். ஹெலன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் மேல் சுற்றி வைத்த வயர் கண்ணில் வந்தது. ஏத்து, கழட்டு, அப்புறம் தொடு. பொங்கலிலிருந்து இதுவரை ஒருநாள்கூட அந்த வீட்டில் யாரும் சார்ஜரோடு அந்த லாப்டாப்பைத் தொட்டதில்லை. மூன்று ரீடிங் எடுத்தவர் முப்பது எடுத்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

இரண்டு முறை அடித்து நின்று, மூன்றாவது முறைதான் பாக்கியநாதன் எடுத்தார். பின்னால் கம்பி இழுக்கும் மெஷினின் உறுமல்.

"இன்னா?"

"மேனேஜராண்ட பேசிட்டீங்களா?"

"இப்பதான் வெளிய வந்தேன்."

"இன்னா சொன்னீங்க?"

"திருடன்னுல்லாம் சொல்லல. கொஞ்சம் யோசிச்சி செய்ங்க சார்னேன். அவ்ளதான்."

அவ்வளவுதான். ஹெலனுக்கு அந்த ஆபீஸ் தெரியாது, மேனேஜரின் முகம் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டதும் ஒரு பெரிய மேஜையில் பென்னியின் பெயர் எழுதிய காகிதம் ஓரமாகத் தள்ளப்படுவது தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். சார்ஜரைச் சொன்னாள், ப்ளக்கை மாற்றி மாற்றிச் செருகியதைச் சொன்னாள், எண்களைச் சொன்னாள். மெஷின் ஏதோ ஒன்றை இழுத்து, பட்டென்று அறுந்த சத்தம் கேட்டது.

"நீ எப்ப பொன்னேரிக்கு போன?"

"அதுவா இப்ப முக்கியம்?"

"சரி. ரெண்டும் ஒன்னா வருதுன்னு சொல்ற."

"ஆமாங்க. ஒரே மாதிரி."

"ரெண்டும் ஒன்னா கீதுன்னா ரெண்டும் ஒரிஜினல்னு ஆயிடுமா? ரெண்டையும் ஒருத்தனே மாத்தியிருந்தாலும் ஒன்னாத்தான வரும்?"

"கம்பெனி சொல்ற நம்பரே அதான்னு பூமிகா போன்ல பாத்தாளே."

"போன்ல ஆயிரம் போடுவான்." அவர் குரல் கோபமாக இல்லை. லேபில் எதிரே நிற்கிறவனிடம் கேட்கிற அதே குரல். "பூமிகாவுத அவன் எப்பனா தொட்டானா?"

சோனியா இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆன்டிவைரஸ். ஒரு டீ. உண்மையைச் சொன்னால் அது நிரூபணம் ஆகாது, அவர் தாளில் இன்னொரு கட்டம்தான் ஆகும். நாளைக்கு மூன்றாவது லாப்டாப் கேட்பார். அதையும் யாராவது தொட்டிருப்பார்கள்.

"தொட்டதே இல்ல," என்றாள்.

சோனியா சட்டென்று அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

"நல்லா தெரியுமா?"

"சோனியா இங்கதான் கீறா. வேணும்னா கேளு."

மெஷின் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. "நான்தான் சார்ஜர கழட்டி வெச்சேன்," என்றார், அவளிடம் இல்லை, யாரிடமோ. பிறகு, "ஒரு வாட்டி சொல்லிட்டு வந்து இன்னொரு வாட்டி போய் மாத்திச் சொன்னா அந்தாளு இன்னா நெனப்பான்? ஊட்ல பொண்டாட்டி சண்டை போட்டா போலன்னு நெனப்பான்," என்றார்.

"நெனச்சா நெனச்சிட்டுப் போறான். போய்ச் சொல்லுங்க."

"பாக்கறேன்," என்று வைத்துவிட்டார். இந்தப் 'பாக்கறேன்' எந்தப் பாக்கறேன் என்று இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்கு இன்னும் பிரிக்கத் தெரியாது. சோனியா தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொண்டுவந்தாள். கிளம்பும்போது, "அண்ணன் எனக்கு போன் பண்ணா நான் இன்னா சொல்லட்டும் அண்ணி?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரை ஹெலனுக்கு முதுகில் அந்தக் கேள்வி உறுத்தியது.

பென்னியின் கடை ஸ்டேஷன் எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டினாற்போல் இருந்தது. ஒரு ஆள் உள்ளே நின்றால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். அவள் வருவதைப் பார்த்ததும் பென்னி ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டான். முகச்சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான்.

"இன்னாக்கா, லாப்டாப்போட? எதுனா பிரச்சினையா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். நேற்று நாங்கள் உன்னைத் திருடன் என்றோம்; நான் வாயால் இல்லை என்றேன், மனசால் ஆமாம் என்றேன். இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அந்த மைக்செட் ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தாயா என்று கேட்கவும் வாய் வந்தது. கேட்டால் அவன் ஆமாம் என்பான். ஆமாம் என்றால் நம்புவோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒன்னும் இல்லடா. சோனியா ஊட்டுக்கு வந்தேன். அப்படியே வந்தேன்."

"நல்ல நேரத்துல வந்த. தோ பாரு." கண்ணாடி மேஜை மேல் ஒரு கவரைக் கவிழ்த்தான். எட்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் வழுக்கிப் பரவின. நீலத் திரை, மேல் பட்டன்வரை போட்ட சட்டை, எட்டிலும் ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பென்னி. "கேட் பாஸுக்கு ரெண்டு கேப்பாங்கன்னு மாமா சொன்னாரு. எட்டா எடுத்தாதான் தருவேன்னுட்டான். கண்ணு கொஞ்சம் மொறைக்கிற மாதிரி கீதுல்ல?"

"நல்லாத்தான் கீது."

"ஜெபா, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டற போட்டோ மாதிரி கீதுன்றா." சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்தாள். அசையாமல், யாரோ உத்தரவு கொடுக்கக் காத்திருக்கிறவன்போல அவளையே பார்த்தான்.

"மாமா பேசிட்டாரா, தெரியுமாக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் மேஜை மேலிருந்த அவன் போன் அதிர ஆரம்பித்தது. பெயரில்லாத நம்பர், கும்மிடிப்பூண்டி லேண்ட்லைன் நம்பர். கண்ணாடி மேல் அது தானாகவே நகர்ந்து, போட்டோக்களை ஒவ்வொன்றாய் ஓரத்துக்குத் தள்ளியது. ஒன்று கீழே விழுந்தது. பென்னி குனிந்து எடுக்கவில்லை. இரண்டு கையையும் துணியில் துடைத்தான். கழுத்தருகே திறந்திருந்த மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான். சட்டையை இழுத்துவிட்டு, எதிரே ஒருவர் வந்து நிற்பதுபோல நேராக நிமிர்ந்து நின்று, அதற்குப் பிறகுதான் போனை எடுத்தான்.